சாண் என்ன, முழம் என்ன என்று தோன்றும்போது: கலைந்துபோன அன்றாடத்தை மீட்பது எப்படி

நாள்கள் கைமீறிப் போய்விட்டன என்று உறைக்கும்போது பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது புது டைம்டேபிள் போடுவது. இரவு உட்கார்ந்து தாளில் கோடு கிழித்து, 5 மணிக்கு எழுவது, 5:15க்கு உடற்பயிற்சி, 6 மணிக்குப் படிப்பு, 10 மணிக்குத் தூக்கம் என்று எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். முதல் நாள் ஓடும். இரண்டாம் நாள் பாதி ஓடும். நான்காம் நாள் அந்தத் தாளைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். ஏற்கெனவே இருந்த பாரத்தோடு இன்னொரு தோல்வியும் சேர்ந்துகொள்ளும்.

இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த டைம்டேபிள் தெம்பாக இருக்கும் ஒருவருக்காக எழுதப்பட்டது. அதை நிறைவேற்ற வேண்டியவரோ தூக்கம் கெட்டு, சாப்பாட்டு நேரம் மாறி, பாதியில் நிற்கும் முப்பது வேலைகளை மண்டைக்குள் சுமந்துகொண்டிருக்கிறார். அதனால் வேலையின் வரிசையையே மாற்ற வேண்டும். முதலில் பாரத்தை இறக்குங்கள். அடுத்து ஒரே ஒரு முளையை அடியுங்கள். அது ஆடாமல் நின்ற பிறகு ஒவ்வொரு கயிறாகக் கட்டுங்கள். முழுவதும் நான்கு வாரம் ஆகும். அவசரப்பட்டால் இன்னும் கூடும்.

முதல் நாள்: இறக்கி வைப்பது

இதற்கு 45 நிமிடம், நான்கைந்து தாள், ஒரு பேனா போதும். போனில் எழுத வேண்டாம். எழுதுவதற்காகப் போனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது படிக்காத மெசேஜ்தான். பத்து நிமிடம் கழித்துத்தான் எதற்குத் திறந்தோம் என்று ஞாபகம் வரும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

முதல் 20 நிமிடம், மண்டையில் சுற்றிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். வரிசை வேண்டாம், தரம் பிரிக்க வேண்டாம். கட்ட வேண்டிய பில், பதில் சொல்லாத மெயில், ஒழுகும் குழாய், பல் வலி, பேசாமல் விட்ட நண்பர், யாருக்கோ வாக்குக் கொடுத்த உதவி, எல்லாம் வரட்டும். கை நின்றுவிட்டால் ஐந்து இடங்களை மனதில் சுற்றி வாருங்கள்: வீட்டின் ஒவ்வொரு அறை, வேலை பார்க்கும் இடம், பணம், உடம்பு, வாக்குக் கொடுத்த மனிதர்கள். ஐம்பது வரி வந்தாலும் பயப்பட வேண்டாம். இத்தனையும் இவ்வளவு நாளும் உள்ளே இருந்தவைதான்.

முடிக்காத வேலை முடித்த வேலையைவிட அதிகமாக நினைவில் தங்குகிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் எழுதினார். அதைவிட நமக்கு உதவுவது 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. பாதியில் நிற்கும் வேலை மனதைக் குடையாமல் இருக்க அதை முடித்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் தீர்மானித்தாலே குடைச்சல் அடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். பட்டியல் எழுதியும் பலருக்கு நிம்மதி வராமல் போவது இதனால்தான். அவர்கள் பெயர்களை எழுதுகிறார்களே தவிர, செயலை எழுதுவதில்லை.

ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்க்கலாம். தாளில் 'இன்சூரன்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் ஒரு பிசைவு. ஏன்? அந்த ஒரு சொல்லுக்குள் பாலிசி எங்கே இருக்கிறது, தேதி முடிந்துவிட்டதா, எவ்வளவு கட்ட வேண்டும், யாரிடம் கேட்பது என்று நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மனம் ஒவ்வொரு முறையும் நான்கையும் தொட்டுவிட்டுப் பின்வாங்குகிறது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கும் ஃபைலை எடுத்து, பாலிசி முடியும் தேதியைப் பார்' என்று எழுதுங்கள். மூன்று நிமிட வேலை. கை போய்த் தொடக்கூடிய பொருளும் ஒரு வினைச்சொல்லும் வரியில் இருந்தால் அது சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லா வரிகளையும் இப்படி மாற்ற வேண்டாம். சலித்து எடுத்த பிறகு மிஞ்சுபவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

சலிப்பது

மீதி 25 நிமிடத்தில் ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அடுத்த 7 நாளுக்குள் இதைத் தொடாவிட்டால் என்ன நடக்கும்? அபராதம் விழும், மின்சாரம் துண்டிக்கப்படும், மருந்து தீர்ந்துபோகும், இன்னொருவரின் வேலை நின்றுபோகும் என்பது போல் திட்டவட்டமான பதில் வந்தால் அந்த வரிக்கு வட்டம் போடுங்கள். ஒன்றும் நடக்காது என்றால் தனித் தாளுக்கு மாற்றுங்கள். அந்தத் தாளை மடித்து ஒரு கவரில் போட்டு, இன்றிலிருந்து 30 நாள் கழித்து வரும் தேதியைக் கவர்மேல் எழுதி வையுங்கள். செய்யவே போவதில்லை என்று உள்ளுக்குள் தெரிந்தவற்றை இப்போதே அடித்துவிடுங்கள். இன்னொருவர் செய்ய வேண்டியவற்றின் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.

வட்டம் போட்டவை ஐந்துக்கு மேல் போனால் மறுபடி சலியுங்கள். 'அவர் வருத்தப்படுவார்' என்ற பதிலுக்காகப் பலர் வட்டம் போட்டுவிடுகிறார்கள். வருத்தத்துக்கு ஒரு மெசேஜ் போதும், வேலையையே முடிக்க வேண்டியதில்லை. அந்த மெசேஜ் மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது:

'இந்த வாரம் இதை முடிக்க முடியாத நிலையில் இருக்கிறேன். 24-ஆம் தேதிக்குள் தந்துவிடுகிறேன். அதற்கு முன்பே தேவைப்பட்டால் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்.'

இதில் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. மன்னிப்பும் விளக்கமும் சேர்ந்து மெசேஜ் நீண்டுபோகிறது. நீண்டதாலேயே அனுப்பப்படாமல் டிராஃப்டில் கிடக்கிறது. இன்னொன்று, தேதி. பாரத்தில் இருப்பவர் கொடுக்கும் தேதி அநேகமாக எப்போதும் முன்கூட்டியதாகத்தான் இருக்கும். வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும் இந்த மனப்போக்கை டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் சுட்டிக்காட்டினார்கள். 1994-ல் வந்த ஓர் ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். ஆகவே மனதில் முதலில் தோன்றும் அவகாசத்தை இரட்டிப்பாக்கிச் சொல்லுங்கள். 5 நாள் என்று தோன்றினால் 10 நாள். முன்னதாகக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டாவது முறை தவணை கேட்கும்போதுதான் நம்பிக்கை போகும்.

முளை: எழும் நேரம்

கலைந்த அன்றாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் முதலில் பிடிக்கலாம் என்றால், அது காலையில் எழும் நேரம். தூங்கப் போகும் நேரத்தை ஏன் பிடிக்கக் கூடாது என்று கேட்கலாம். தூக்கம் கூப்பிட்டால் வராது. 10 மணிக்குப் படுத்து 12 வரை புரண்டால் மனம் இன்னும் நொந்துபோகும். எழுவது நம் கையில் இருக்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் தூக்கத்துக்கான அழுத்தம் உடம்பில் ஏறிக்கொண்டே போகும். ஒரே நேரத்துக்கு எழுந்தால் அது இரவில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிரம்பும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸில் இருக்கும் உடற்கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

எந்த நேரம்? கடந்த மூன்று வேலை நாளில் நீங்கள் உண்மையில் எழுந்த நேரங்களின் சராசரியை எடுங்கள். 7:40 என்று வந்தால் 7:40. வெட்கப்பட ஒன்றுமில்லை. 5 மணி என்று எழுதிவைத்துத் தினமும் தோற்பதைவிட, 7:40 என்று எழுதி ஏழு நாளும் நிற்பது மேல். இன்னும் முன்னதாக எழுந்தாக வேண்டும் என்றால் முதல் வாரம் கழிந்த பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். விடுமுறை நாளிலும் அரை மணிக்கு மேல் தள்ளக் கூடாது. இரண்டு நாள் மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால், உடற்கடிகாரத்துக்கு அது வேறு ஊர் நேரத்துக்குப் போய்வந்த மாதிரி. வேலை தொடங்கும் நாளில் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அலாரம் அடித்த முதல் இரண்டு நிமிடத்தில்தான் அன்றைய காலை எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் முடிவாகிறது. அடிக்கும் போன் தலையணைக்குப் பக்கத்தில். கட்டைவிரல் அலாரத்தை நிறுத்துகிறது. அதே கட்டைவிரல் திரையில் தெரியும் சிவப்புப் புள்ளியைத் தொடுகிறது. ஒருக்களித்துப் படுத்தபடியே ஒரு செய்தி, ஒரு வீடியோ, ஆபீஸ் குழுவில் யாரோ கேட்ட கேள்வி. நிமிரும்போது மணி 40 நிமிடம் நகர்ந்திருக்கும். உடம்பு எழாமலேயே மனம் களைத்திருக்கும். அதனால் போனை நான்கு அடிக்கு அப்பால், கால் தரையில் படாமல் எடுக்க முடியாத இடத்தில் சார்ஜில் போடுங்கள். முடிந்தால் தனி அலாரக் கடிகாரமே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 10 முதல் 20 நிமிடம் வெளி வெளிச்சத்தில் நில்லுங்கள் அல்லது நடங்கள். சன்னலுக்கு உள்ளே இருந்து பார்ப்பது அவ்வளவு உதவாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் அது வழக்கமாகச் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். மேகம் இருந்தால் இன்னும் 10 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

இரவுப் பக்கம் மூன்று விஷயம் போதும். காபி, டீ பிற்பகல் 2 மணியோடு நிறுத்துங்கள். காஃபீன் பாதியாகக் குறையவே பலருக்கு 5, 6 மணி நேரம் ஆகிறது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. படுத்து 20 நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்புங்கள். படுக்கையில் விழித்தே கிடந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. 1972-ல் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த இந்த முறை இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையில் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், 20 நிமிடம் என்பது உத்தேசம்தான். மூன்றாவதாக, படுக்கும் முன் 5 நிமிடம் நாளைய வேலைகளைத் தாளில் எழுதுங்கள். 2018-ல் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும் இந்த முளை நிற்காது. அதற்காகத் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். எழுந்ததும் சாப்பிடும் முதல் சாப்பாட்டை முளையாக வைத்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்கு எழுந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது, சாப்பிடும்போது போன் இல்லாமல் இருப்பது, அவ்வளவுதான்.

குறைந்தபட்ச நாள்

முளை மூன்று நாள் நின்ற பிறகு, குறைந்தபட்ச நாள் ஒன்றை எழுதுங்கள். உங்கள் மிக மோசமான நாளிலும் செய்ய முடிவது எதுவோ அது மட்டும்தான் இதில் இடம்பெற வேண்டும். ஒரு மாதிரி:

எழும் நேரத்துக்கு எழுவது
குளித்து வேறு துணி மாற்றுவது
நேரம் குறித்து இரண்டு வேளைச் சாப்பாடு
10 நிமிட நடை
பாத்திரம் கழுவும் தொட்டியை இரவில் காலி செய்வது
வட்டம் போட்ட வரியில் ஒன்றுக்கு 25 நிமிடம்

சாப்பாட்டை விட்டுவிட்டால் மற்றவற்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் ஆகும். இவ்வளவுதானா என்று தோன்றினால் சரியான அளவில் எழுதியிருக்கிறீர்கள். இதைத் தாண்டிச் செய்தால் நல்லது. ஆனால் தாண்டியதை மறுநாள் கணக்கில் ஏற்றாதீர்கள். தெம்பு வந்ததும் செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்குத் தெம்பு வருவதே இல்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970-களில் பீட்டர் லெவின்சன் வலியுறுத்தியதும் இந்த வரிசைதான்: செயல் முதலில், மனநிலை அதன் பின்னால்.

ஒவ்வொன்றையும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுங்கள். 'சாயங்காலம் நடப்பேன்' என்று எழுதினால் நடக்காது, ஏனென்றால் சாயங்காலம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. 'வேலை முடித்து வந்து பையை வைத்ததும், செருப்பைக் கழற்றாமல் திரும்பி வெளியே போவேன்' என்று எழுதினால் அந்தப் பையே நினைவூட்டும். இது நடந்தால் இதைச் செய்வேன் என்ற இந்த வடிவம் வெறும் தீர்மானத்தைவிட வெகுவாக வேலை செய்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் 1999-ல் தொகுத்துக் காட்டினார். கடிகார நேரத்தைவிடச் செயல் நல்ல முடிச்சு. 6:30 தவறிவிட்டால் தவறியதுதான். பையை வைப்பதோ என்றைக்கும் நடக்கும்.

தொட்டியை ஏன் பட்டியலில் வைக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றும். கலைந்த வீட்டை ஒரே நாளில் ஒழுங்குபடுத்தப் பார்ப்பது டைம்டேபிள் போடுவதன் இன்னொரு வடிவம். அலமாரியில் இருப்பதையெல்லாம் தரையில் கொட்டிவிட்டு இரவு 11 மணிக்கு அதற்கு நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். தொட்டி நல்ல தேர்வு, ஏனென்றால் மறுநாள் காலையில் முதல் வேலையே அங்கேதான் தொடங்குகிறது. 10 நிமிட டைமர் வையுங்கள். முதலில் டம்ளர்களை மட்டும் எடுத்துக் கழுவுங்கள். அவை சுலபம், எண்ணிக்கை மளமளவென்று குறையும். ஒட்டிக் காய்ந்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தட்டுகளுக்குப் போங்கள். டைமர் அடிக்கும்போது அந்த ஒரு பாத்திரம் மட்டும் ஊறிக்கொண்டிருந்தால் அது காலியான தொட்டிதான்.

25 நிமிட வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலையை விட்டு எழும் முன் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு எழுங்கள்: 'மூன்றாம் பக்கம் வரை நிரப்பியாயிற்று, அடுத்தது வங்கிக் கணக்கு எண்.' ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதை சோஃபி லெராய் 2009-ல் ஆராய்ந்து எழுதினார். அந்த ஒரு வரி ஒட்டியிருப்பதைப் பிரித்துவிடும். மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேடும் பத்து நிமிடமும் மிச்சம்.

நான்கு வாரம் எப்படிப் போகும்

முதல் மூன்று நாள்: இறக்கி வைப்பது, சலிப்பது, மெசேஜ் அனுப்புவது, எழும் நேரம். வேறொன்றும் வேண்டாம். நான்காம் நாளிலிருந்து குறைந்தபட்ச நாள். இரண்டாம் வாரம் ஒரே ஒரு சேர்க்கை: நடையை 20 நிமிடமாக்கலாம், அல்லது இரண்டாவது 25 நிமிடத்தைச் சேர்க்கலாம். மூன்றாம் வாரம் இன்னொன்று, நான்காம் வாரம் இன்னொன்று. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

இந்த முறை அதிகமாக உடைவது ஐந்தாம், ஆறாம் நாளில்தான். அதுவும் கெட்ட நாளில் அல்ல, நல்ல நாளில். இரண்டு இரவு நன்றாகத் தூங்கியிருப்பார்கள், தலை தெளிந்திருக்கும், இத்தனை நாள் விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று கிளம்புவார்கள். அன்று 12 மணி நேரம் வேலை நடக்கும். மறுநாள் எழ முடியாது. தெம்பு வந்த முதல் நாளில் குறைந்தபட்ச நாளின் இரண்டு மடங்குக்கு மேல் செய்யாதீர்கள். மீதித் தெம்பைத் தூக்கத்துக்கும் வெளிச்சத்துக்கும் கொடுங்கள்.

21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்வார்கள். அதை நம்பி 22-ஆம் நாள் ஏமாற வேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு வந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி கெடுக்கவில்லை.

அந்த ஒரு நாள் விடுபடும்போதுதான், தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்ற நினைப்பு வருகிறது. காலையில் 9 மணிக்கு எழுந்தாயிற்று, இனி இன்றைக்கு நடை எதற்கு, தொட்டி எதற்கு என்று மொத்த நாளையும் கைவிட்டுவிடுவார்கள். மூழ்கியவர் மேலே வருவதற்குச் சாணும் முழமும்தான் கணக்கு. ஆகவே விடுபட்ட நாளுக்கென்று முன்கூட்டியே ஒரு விதி எழுதிவையுங்கள்: மணி எத்தனை ஆனாலும், பட்டியலில் மிச்சம் இருப்பவற்றில் மிகச் சிறியதை ஒன்று மட்டும் செய்துவிட்டுப் படுப்பேன், நாளை அதே எழும் நேரம். விட்டதை மறுநாள் சேர்த்துச் செய்ய வேண்டாம். 10 நிமிட நடை 20 நிமிடமாக மாறும் அன்று, இரண்டும் நடக்காது.

கணக்கு இடிக்கும்போது

சிலருடைய பிரச்சினை அன்றாடம் கலைந்தது அல்ல, வாரத்தில் இடமே இல்லாதது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கழித்தல் போதும். வாரத்துக்கு 168 மணி. தூக்கம் நாளுக்கு 8 என்றால் 56. குளியல், சாப்பாடு, உடுத்துவது நாளுக்கு 3 என்றால் 21. மிச்சம் 91. வேலை 48, போக்குவரத்து 10, மிச்சம் 33. சமையலும் வீட்டு வேலையும் நாளுக்கு 2 என்றால் 14, மிச்சம் 19. முதியவரையோ குழந்தையையோ பார்த்துக்கொள்வது நாளுக்கு 3 என்றால் 21. மிச்சம், மைனஸ் 2.

இந்த வாரத்தை எந்த ஒழுங்கும் சரிசெய்யாது. அந்த 2 மணி நேரம் தூக்கத்திலிருந்து திருடப்படுகிறது, எதிர்பாராமல் வரும் ஒவ்வொன்றும் இன்னும் திருடுகிறது. மைனஸ் வந்தவர் தன்னைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு, எதை யாரிடம் ஒப்படைப்பது என்று பார்க்க வேண்டும். குறைந்தது 9 மணி நேரம் இறங்க வேண்டும்: இடிக்கும் 2, எதிர்பாராதவற்றுக்கு நாளுக்கு ஒன்றாக 7. வீட்டில் இருக்கும் மற்றவரிடம் 'கொஞ்சம் உதவுங்கள்' என்று கேட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. இந்தக் கழித்தல் எழுதிய தாளை முன்னால் வைத்து, 'செவ்வாய், வியாழன் இரவுச் சமையலும் பாத்திரமும் உங்களுடையது' என்று கேளுங்கள். வேலையைப் பாதி கொடுத்து மேற்பார்வையைக் கையில் வைத்துக்கொண்டால் நேரம் மிஞ்சாது. நினைவூட்டும் பொறுப்பும் சேர்ந்தே கைமாற வேண்டும்.

டாக்டரிடம் போக வேண்டிய இடம்

இரண்டு வாரத்துக்கு மேல், ஏறத்தாழ தினமும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறது, அல்லது முன்பு பிடித்தவற்றில் எதிலும் நாட்டம் இல்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். போதுமான அளவு தூங்கியும் களைப்பு தீராவிட்டால் ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்வார்கள். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுவதாகக் கூடப் படுப்பவர் சொன்னால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இந்தத் தாளையெல்லாம் ஓரமாக வைத்துவிடுங்கள். அன்றே, தனியாக இல்லாமல், நம்பும் ஒருவரைக் கூப்பிட்டு உடன் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம்

வாரத்தில் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொண்டு தாளோடு உட்காருங்கள். ஏழு நாளில் எத்தனை நாள் முளை நின்றது? ஐந்துக்குக் குறைவு என்றால் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம், அந்த வாரத்தையே இன்னொரு முறை ஓட்டுங்கள். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒன்றைச் சேர்க்கலாம். ஒரே வேலை இரண்டு வாரமாகத் தொடப்படாமல் இருந்தால் அதன் முதல் அடி இன்னும் பெரிதாக இருக்கிறது. மூன்று நிமிட வேலையாக உடைத்து எழுதுங்கள், அல்லது கவருக்குள் போடுங்கள். பட்டியலை அழகாகத் திரும்ப எழுதுவதில் இந்த 15 நிமிடம் போய்விடக் கூடாது. கலர் பேனா எடுக்கத் தோன்றினால் எழுந்து நடக்கப் போங்கள்.

கவர்மேல் எழுதிய தேதி வரும்போது அதைப் பிரியுங்கள். சில வரிகள் தானாகவே தீர்ந்திருக்கும், சிலவற்றை வேறு யாரோ முடித்திருப்பார்கள், சிலவற்றைப் பார்த்தால் அன்று ஏன் எழுதினோம் என்றே புரியாது. அவற்றை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றில் ஒன்றை மட்டும் வரும் வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மறுபடி கவருக்குள் வைத்து, இன்னும் 30 நாள் தள்ளி வரும் தேதியை எழுதி மூடிவிடுங்கள்.